பனித்தட்டுகளைச் செயற்கைக்கோளில் இருந்து கண்காணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்டார்டிகாவில் ராட்சதப் பனிப்பாறை உடைந்தது என்று செய்தி வந்தால் கூடவே ஒரு செயற்கைக்கோள் படமும் வரும். அதைப் பார்ப்பவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் உடைவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு அடியிலிருந்து மெலிவதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அதனால் அதைப் பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

பனித்தட்டு என்பது எது? கடல்பனியும் அதுவும் ஒன்றா?

இல்லை. கடல்பனி என்பது கடல்நீரே உறைந்து மிதப்பது. பெரும்பாலும் ஓரிரு மீட்டர் தடிமன்தான் இருக்கும். குளிர்காலத்தில் பரவி, கோடையில் சுருங்கிவிடும். பனித்தட்டு கடலில் பிறந்ததல்ல. நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த பனி இறுகி, பனியாறாக மெல்ல நகர்ந்து, கரையைத் தாண்டியும் உடையாமல் ஒரே பலகையாகக் கடல்மேல் நீண்டு மிதக்கிறதே, அதுதான் பனித்தட்டு. தடிமன் சில நூறு மீட்டர் இருக்கும். பெரிய தட்டுகள் தரையை விட்டுப் பிரியும் இடத்தில் ஆயிரம் மீட்டரையும் தாண்டும். அந்தப் பிரியும் எல்லையை இந்தப் பக்கத்தில் தரைதட்டுக் கோடு என்று குறிப்பிடுகிறேன்.

அண்டார்டிகாவின் கரையில் ஏறக்குறைய முக்கால் பங்கைப் பனித்தட்டுகள்தான் சூழ்ந்திருக்கின்றன. ராஸ் பனித்தட்டு மட்டுமே சுமார் 5 லட்சம் சதுர கி.மீ. வடதுருவப் பக்கம் மிச்சம் இருப்பவை சின்னவை: கிரீன்லாந்தில் பீட்டர்மன் போன்ற சில, கனடாவின் எல்ஸ்மியர் தீவில் சில. எல்ஸ்மியரின் மில்ன் பனித்தட்டு 2020 ஜூலை கடைசியில் இரண்டே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் உடைந்து போனது.

ஏற்கனவே மிதக்கிற பனிதானே, உருகினால் கடல்மட்டம் ஏறாதே. பிறகு என்ன கவலை?

நியாயமான கேள்வி. மிதக்கிற பனி உருகுவதால் நேரடியாகக் கடல்மட்டம் உயர்வது மிகமிகக் குறைவு. ஆனால் பனித்தட்டு சும்மா மிதப்பதில்லை. பக்கவாட்டு மலைகளிலும் அடியில் இருக்கும் மேடுகளிலும் உரசி நின்று, பின்னால் வரும் பனியாறுகளைத் தடுத்துப் பிடித்திருக்கிறது. சாயும் சுவருக்கு வைத்த முட்டு மாதிரி. அந்த முட்டு போய்விட்டால் என்ன ஆகும் என்பதை 2002-இல் இயற்கையே செய்து காட்டியது.

அண்டார்டிகத் தீபகற்பத்தின் கிழக்கே லார்சன் பி என்று ஒரு பனித்தட்டு இருந்தது. அதற்கு வடக்கே இருந்த லார்சன் ஏ 1995-லேயே போய்விட்டது. 2002 ஜனவரி 31 அன்று நாசாவின் டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கேமரா எடுத்த படத்தைப் பாருங்கள். தட்டு முழுசாக இருக்கிறது, ஆனால் வெள்ளைப் பரப்பில் நீலமாக, ஒன்றுக்கொன்று இணையாக, கோடு கோடாக ஏதோ தெரிகிறது. எல்லாம் உருகுநீர்க் குட்டைகள். பிப்ரவரி படங்களில் விளிம்பு நொறுங்கத் தொடங்குகிறது. மார்ச் 7 படத்தில் தட்டின் பெரும்பகுதி இருந்த இடத்தில் வெளிர்நீலக் குழம்புபோல் உடைந்த பனி மிதக்கிறது. 35 நாளில் சுமார் 3,250 சதுர கி.மீ. போய்விட்டது. அதன் தடிமன் 200 மீட்டருக்கு மேல். விரிசல்களுக்குள் இறங்கிய உருகுநீரின் எடையே பனியைப் பிளந்துகொண்டு போயிருக்கிறது. கடலடி வண்டலை ஆராய்ந்தவர்கள் அந்தத் தட்டு சுமார் 10,000 ஆண்டுகளாக அங்கே நிலைத்திருந்தது என்கிறார்கள்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். லார்சன் பி-க்குப் பின்னால் இருந்த ஹெக்டோரியா, கிரீன், கிரேன் பனியாறுகள் வேகம் எடுத்தன. சில இடங்களில் பல மடங்கு. ஹெக்டோரியாவின் மேற்பரப்பு ஆறே மாதத்தில் 38 மீட்டர் வரை தாழ்ந்ததை, உயரத்தை அளக்கும் ஐஸ்சாட் செயற்கைக்கோளின் லேசர் பதிவுசெய்தது. அதே வட்டாரத்தில், உடையாமல் மிஞ்சிய தட்டுக்குப் பின்னால் இருந்த ஃபிளாஸ்க், லெப்பர்ட் பனியாறுகளில் அப்போது பெரிய மாற்றம் இல்லை. வானிலை ஒன்று, பனி ஒன்று. ஒரு பக்கம் முட்டு இருந்தது, மறுபக்கம் இல்லை. ஆய்வகத்தில் திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு தெளிவான ஒப்பீடு கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை. இப்படி நிலத்திலிருந்து கூடுதலாக இறங்கும் பனிதான் கடல்மட்டத்தை உயர்த்துகிறது.

நேரில் போய் அளக்க முடியாதா?

அளக்கிறார்கள். துளை போடுகிறார்கள், ஜிபிஎஸ் நடுகிறார்கள், தானியங்கி நீர்மூழ்கியை அடியில் அனுப்புகிறார்கள். ஆனால் மொத்தப் பரப்பு சுமார் 15 லட்சம் சதுர கி.மீ. விரிசல் விழுந்த பகுதியில் கால் வைக்கவே முடியாது. நேரில் எடுக்கும் அளவு ஒரு புள்ளிக்கு உரியது. எல்லா இடத்தையும், எல்லாப் பருவத்திலும், திரும்பத் திரும்பப் பார்க்கச் செயற்கைக்கோளை விட்டால் வழியில்லை.

எந்தெந்தக் கருவி எதைப் பார்க்கிறது?

மூன்று வகை என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது சாதாரண வெளிச்சத்தில் படம் பிடிப்பவை. லேண்ட்சாட் வரிசை 1972-இல் தொடங்கியது. சென்டினல்-2 பத்து மீட்டர் நுணுக்கத்தில் எடுக்கிறது. மோடிஸ் படம் அவ்வளவு கூர்மை இல்லை, ஆனால் தினமும் கிடைக்கும். லேண்ட்சாட்டின் பழைய படங்களை 2008-இல் இலவசமாகத் திறந்துவிட்டது இந்தத் துறைக்குக் கிடைத்த மிகப் பெரிய கொடை என்றே சொல்வேன். அதுவரை ஒவ்வொரு படத்துக்கும் காசு கணக்குப் பார்த்தவர்கள், அப்புறம் முழுக் கரையோரத்தையும் வருடவாரியாக அலச முடிந்தது.

இரண்டாவது ரேடார் படம் எடுப்பவை: ஈஆர்எஸ், ராடார்சாட், இப்போது சென்டினல்-1. இவை தாங்களே அலையை அனுப்பி எதிரொலியை வாங்குவதால் இருட்டும் மேகமும் தடையில்லை. அடுத்தடுத்த படங்களில் ஒரே விரிசலோ மேடோ எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் பனியின் வேகம் கிடைக்கும். மேற்கு அண்டார்டிகாவின் பைன் ஐலண்ட் பனித்தட்டு வருடத்துக்கு 4 கி.மீ.க்கு மேல் நகர்கிறது என்பதெல்லாம் இப்படித் தெரிந்ததுதான்.

மூன்றாவது வகை உயரமானிகள். படம் கிடையாது, மேற்பரப்பின் உயரம் மட்டும். கிரையோசாட்-2 ரேடாரிலும் ஐஸ்சாட்-2 லேசரிலும் அளக்கின்றன. இவற்றின் வேலை கண்ணுக்கு விருந்தாக இருக்காது. ஆனால் பனித்தட்டின் உடல்நிலையைச் சொல்வது இவைதான்.

மாதக்கணக்கில் நீளும் துருவ இருட்டில் என்ன செய்கிறார்கள்?

லார்சன் சி-யிலிருந்து ஏ-68 என்ற பனிப்பாறை பிரிந்தது 2017 ஜூலையில், நட்டநடு குளிர்காலத்தில். சுமார் 5,800 சதுர கி.மீ. வெளிச்சப் படம் எதுவும் இல்லை. சென்டினல்-1 ரேடாரில் விரிசல் வளர்வது வாரக்கணக்கில் தெரிந்துகொண்டே இருந்தது. இன்னொரு வழி வெப்ப அகச்சிவப்புப் படம். பனி மைனஸ் முப்பது டிகிரி வாக்கில் இருக்கும். விரிசலில் மேலே வரும் கடல்நீர் மைனஸ் இரண்டுக்குக் கீழே போகாது. அதனால் கும்மிருட்டிலும் விரிசல் பளிச்சென்று ஒரு கோடாகத் தெரியும்.

2019 ஜூனில் கிழக்கு அண்டார்டிகாவின் ஏமரி பனித்தட்டில் நடந்தது இன்னும் வியப்பு. பனிமூடியின் கீழே இருந்த ஓர் ஏரி சுமார் மூன்று நாளில் காணாமல் போனது. 60 முதல் 75 கோடி கன மீட்டர் நீர், 1,400 மீட்டர் தடிமனான பனியைத் துளைத்துக் கடலுக்குள் போய்விட்டது. அந்த இருட்டில் அங்கே பார்க்க ஆள் கிடையாது. ஏரி இருந்த இடம் பள்ளமாகவும், சுற்றியிருந்த பனி பாரம் குறைந்து மேலே எழும்பியும் இருந்ததைச் செயற்கைக்கோள் அளவுகள்தான் காட்டிக்கொடுத்தன.

தடிமன் முழுக்க நீருக்கு அடியில். மேலிருந்து எப்படி அளப்பது?

மிதப்பதால்தான் அளக்க முடிகிறது. பனி கடல்நீரைவிடக் கொஞ்சம்தான் லேசு. அதனால் பத்தில் ஒரு பங்கு வாக்கில் மட்டும் வெளியே நிற்கும், மற்றது உள்ளே. நீருக்கு மேலே நிற்கும் உயரம் தெரிந்தால் மொத்தத் தடிமனைக் கணக்குப் போட்டுவிடலாம். மேற்பரப்பு 1 மீட்டர் தாழ்ந்தால் தட்டு சுமார் 9 மீட்டர் மெலிந்திருக்கிறது என்று அர்த்தம்.

கேட்க எளிது. சிக்கலும் அந்த 9 மடங்கில்தான் இருக்கிறது. உயரத்தில் 10 செ.மீ. தவறினால் தடிமனில் கிட்டத்தட்ட 1 மீட்டர் தவறும். சில தட்டுகள் வருடத்துக்கு மெலிவதே அவ்வளவுதான். ஆகவே உயரத்தை மாற்றக்கூடிய மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழித்தாக வேண்டும்.

முதலில் ஓதம். கடல் ஏறி இறங்கும்போது தட்டும் கூடவே ஏறி இறங்கும். சில இடங்களில் சில மீட்டர்கூட. செயற்கைக்கோள் கடந்த அந்த நொடியில் கடல் எந்த மட்டத்தில் இருந்தது என்று மாதிரிக் கணக்கில் இருந்து எடுத்துக் கழிக்கிறார்கள். அடுத்து காற்றழுத்தம்: 1 ஹெக்டோபாஸ்கல் கூடினால் கடல்மட்டம் சுமார் 1 செ.மீ. அழுந்தும். புயல் கடக்கும்போது இதுவே பல பத்து செ.மீ. ஆகிவிடும். அப்புறம் மேலே படிந்திருக்கும் இறுகாத பனி. அதில் காற்று நிறைய இருக்கும். ஒரு வெப்பமான கோடையில் அது இறுகி உட்கார்ந்தால் உயரம் குறையும், ஆனால் ஒரு கிலோ பனிகூட இழந்திருக்காது. இதைக் கவனிக்காமல் 9-ஆல் பெருக்கினால் இல்லாத மெலிவு வந்துவிடும். கடைசியாகக் கருவியின் குணம்: ரேடார் அலை உலர்ந்த பனிக்குள் கொஞ்சம் ஊடுருவிவிட்டுத்தான் திரும்பும், லேசர் மேற்பரப்பிலேயே திரும்பும். இரண்டும் சொல்லும் உயரத்தை அப்படியே ஒப்பிடக்கூடாது.

ஐஸ்சாட்-2 எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறது என்பதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 2018 செப்டம்பரில் ஏவப்பட்டது. நொடிக்கு 10,000 பச்சை லேசர் துடிப்புகளை ஆறு கற்றைகளாக அனுப்புகிறது. துடிப்புக்கும் துடிப்புக்கும் தரையில் 70 செ.மீ. இடைவெளிதான். ஒரு துடிப்பில் போகும் கோடானுகோடி ஒளித்துகள்களில் திரும்பி வந்து சிக்குவது ஒரு டஜன் வாக்கில். அந்தச் சில துகள்களின் பயண நேரத்தில் இருந்துதான் உயரம். 91 நாளுக்கு ஒருமுறை அதே தடத்துக்குத் திரும்புகிறது.

தரைதட்டுக் கோடு பனிக்கு அடியில் இருக்கிறதே, அது எப்படித் தெரிகிறது?

எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது. மிதக்கிற பகுதி ஓதத்தோடு ஆடும், தரையில் அமர்ந்த பகுதி ஆடாது. ஆட்டம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்தால் போதும்.

ஒரே பாதையில் வெவ்வேறு நாள் எடுத்த இரண்டு ரேடார் பதிவுகளின் அலைநிலை (திரும்பி வரும் அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது) வேறுபாட்டைக் கணக்கிட்டால் வானவில் வளையங்கள் போன்ற ஒரு படம் வரும். சென்டினல்-1 அலைநீளத்துக்கு ஒரு வளையம் என்பது 2.8 செ.மீ. அசைவு. அதில் பனியின் ஓட்டமும் ஓதமும் கலந்திருக்கும். இன்னொரு ஜோடிப் பதிவை எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், ஒரே சீராக இருக்கும் ஓட்டம் அடிபட்டுப் போய் ஓதத்தின் அசைவு மட்டும் நிற்கும். நிலப்பக்கம் ஒரே நிறமாக இருக்கும். கடல்பக்கமும் ஏறக்குறைய அப்படித்தான். நடுவே சில கி.மீ. அகலத்தில் வளையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு பட்டையாகத் தெரியும். பனி மடங்கும் இடம் அது. அந்தப் பட்டையின் நிலப்பக்க விளிம்புதான் நாம் தேடியது.

பைன் ஐலண்டில் அந்தக் கோடு 1992-க்கும் 2011-க்கும் இடையே, மையப் பகுதியில் 31 கி.மீ. உள்நோக்கிப் போயிருப்பதை இப்படித்தான் கண்டார்கள். அங்கே கடலடித் தரை உள்நாட்டுப் பக்கம் போகப்போகத் தாழ்கிறது. கோடு பின்வாங்க வாங்க, இன்னும் தடிமனான பனி கடலில் மிதக்கத் தொடங்குகிறது என்பதால் இது லேசான விஷயம் அல்ல.

கிரேஸ் செயற்கைக்கோள்கள் பனியை எடை போடுகின்றனவாமே. அது போதாதா?

கிரேஸ் ஈர்ப்பு விசையின் மாற்றத்தில் இருந்து எடையைக் கணிக்கிறது. நிலப்பனிக்கு அருமையான கருவி. மிதக்கிற பனிக்கு உதவாது: பனித்தட்டு மெலிந்தால் அது விட்ட இடத்தைக் கடல்நீர் நிரப்பிவிடும், எடை மாறாது.

பெரிய பனிப்பாறை உடைந்தால் அது காலநிலை மாற்றத்தின் அறிகுறியா?

எல்லா நேரமும் அல்ல. உள்ளே பனி சேர்ந்துகொண்டே இருக்கும்போது விளிம்பில் உடைந்துதான் கணக்கு நேராகும். ஏமரியிலிருந்து 2019 செப்டம்பரில் டி-28 பிரிந்தது, 1,600 சதுர கி.மீ.க்கு மேல், அங்கே அதற்கு முந்தைய பெரிய உடைப்பு 1960-களில். பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வரும் சுழற்சி அது. 2000-இல் ராஸிலிருந்து பிரிந்த பி-15 சுமார் 11,000 சதுர கி.மீ.; ராஸ் அதனால் குலைந்துவிடவில்லை. ஏ-68 பற்றியும் பல பனியியலாளர்கள் நேரடியாகப் பழி போடத் தயங்கினார்கள், அந்தத் தயக்கம் சரிதான் என்று நினைக்கிறேன்.

கவலைப்பட வேண்டியது வேறு வகை உடைப்புக்கு: தட்டு பழைய எல்லைக்கு மீண்டும் வளராமல் உடைப்புக்கு உடைப்பு பின்வாங்குவது, அல்லது மொத்தமாக நொறுங்குவது. 2022 மார்ச்சில் கிழக்கு அண்டார்டிகாவின் காங்கர் பனித்தட்டு, சுமார் 1,200 சதுர கி.மீ., நொறுங்கியது. அதே நாட்களில் அந்தப் பிராந்தியத்தில் வழக்கத்துக்கு மீறிய வெப்ப அலை வீசியது. ஆனால் பழைய படங்களைப் புரட்டினால் தட்டு பல ஆண்டுகளாகவே சுருங்கி வந்தது தெரிகிறது. கடைசி அடி வெப்ப அலையுடையது, பலவீனம் பழையது.

ஓர் ஆய்வு பரப்பு குறைந்தது என்கிறது, இன்னொன்று கூடியது என்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்று பார்த்துவிட்டு. 2022-இல் வந்த ஓர் ஆய்வு 1997 முதல் 2021 வரை அண்டார்டிகப் பனித்தட்டுகள் நிகரமாக சுமார் 36,700 சதுர கி.மீ. இழந்தன என்றது. அடுத்த ஆண்டு வந்த இன்னொன்று 2009 முதல் 2019 வரை 34 தட்டுகளைப் பார்த்து, சுமார் 5,300 சதுர கி.மீ. கூடியிருக்கிறது என்றது. முதலாவதின் காலத்துக்குள் பி-15 வருகிறது, லார்சன் பி வருகிறது. இரண்டாவதில் அவை இல்லை. பெரிய தட்டுகள் பல பத்தாண்டுகள் வளர்ந்து ஒரே நாளில் உடைபவை; பத்து வருட ஜன்னலில் பார்த்தால் வளர்ச்சிதான் அதிகம் தெரியும். இரண்டாவது ஆய்வை மட்டும் எடுத்துக்கொண்டு அண்டார்டிகா நலமாக இருக்கிறது என்று பரப்புவது அந்த ஆய்வுக்கே செய்யும் அநியாயம். அது அளந்தது முக்கியமாகப் பரப்பின் மாற்றத்தைத்தான்.

சரி, தடிமனையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை என்ன?

1997 முதல் 2021 வரை 162 பனித்தட்டுகளை ஆராய்ந்ததில் 71 எடை இழந்திருக்கின்றன, 29 கூடியிருக்கின்றன, மற்றவற்றில் சொல்லும்படி மாற்றம் இல்லை. நிகர இழப்பு சுமார் 7.5 லட்சம் கோடி டன். இழந்தவை பெரும்பாலும் மேற்கில், கூடியவை பெரும்பாலும் கிழக்கில்.

ஏன் மேற்கில்? அங்கே அமுன்ட்சன், பெல்லிங்ஸ்ஹவுசன் கடல்களில் ஆழ்நீர் உறைநிலையைவிடச் சில டிகிரி வெதுவெதுப்பானது. கடலடிப் பள்ளங்கள் வழியாக அது தட்டுகளின் அடிக்கே வந்து சேர்கிறது. அடியில் உருகுவது எவ்வளவு என்று 2013-இல் கணக்கிட்டபோது வருடத்துக்கு சுமார் 1.3 லட்சம் கோடி டன் வந்தது. விளிம்பில் உடைந்து போவதைவிட அதிகம். அதில் பாதி, மொத்தப் பரப்பில் 8 சதவீதமே உள்ள பத்துச் சின்னத் தட்டுகளின் அடியில் இருந்து வந்தது. ராஸ், ஃபில்க்னர், ரோன் என்ற பூதங்கள் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு, உருகலில் 15 சதவீதம் மட்டுமே. செய்தியில் வரும் தட்டு வேறு, ஆபத்தில் இருக்கும் தட்டு வேறு என்று நான் சொல்வது இதனால்தான்.

செயற்கைக்கோளால் பார்க்க முடியாதவை?

தட்டுக்கு அடியில் உள்ள கடலின் வெப்பமும் உப்பும், கடலடித் தரையின் ஆழமும் நேரடியாகக் கிடைக்காது. அவற்றுக்குக் கப்பல், விமானம், நீர்மூழ்கி வேண்டும். துருவத்தை ஒட்டி ஒரு குருட்டு வட்டமும் உண்டு: ஈஆர்எஸ் 81.5 டிகிரியோடு நின்றுவிட்டது, ராஸ், ரோன் தட்டுகளின் தென்பகுதி அதன் பார்வைக்கு வரவே இல்லை. கிரையோசாட்-2, ஐஸ்சாட்-2 இரண்டும் 88 டிகிரி வரை போகின்றன.

இன்னொரு குறை, பதிவில் விழும் இடைவெளிகள். முதல் கிரையோசாட் 2005-இல் ஏவும்போதே வீணானது. அதன் மறுபதிப்பு 2010-இல்தான் போனது. ஐஸ்சாட் 2009-இல் நின்றது, அடுத்தது 2018-இல் வந்தது. நடுவில் நாசா விமானங்களை அனுப்பி லேசரில் அளந்து சமாளித்தது. சென்டினல்-1பி 2021 டிசம்பரில் செயலிழந்தது, சென்டினல்-1சி 2024 டிசம்பரில்தான் ஏவப்பட்டது. மெலிவை அளக்கப் பத்து, இருபது ஆண்டுத் தொடர்ச்சி வேண்டும். விட்டுப்போன ஆண்டை அப்புறம் போய் அளக்க முடியாது. இதற்கு நிதி ஒதுக்குபவர்கள் இதை உணர வேண்டும் என்பதே என் ஆசை. 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட நாசா–இஸ்ரோ கூட்டு ரேடாரான நிசார் 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் பார்க்கிறது, அண்டார்டிகாவை நன்றாகப் பார்க்கும் விதமாகவே திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. பெரிய எதிர்பார்ப்பு இருக்கிறது.

நானே பார்க்கலாமா?

தாராளமாக. நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் தென்துருவ வரைபடத்தைத் தேர்ந்தெடுத்து, தேதியை 2002 ஜனவரி 31-க்கு மாற்றுங்கள். தீபகற்பத்தின் கிழக்குப் பக்கம் பெரிதாக்கி, ஒவ்வொரு நாளாக மார்ச் 7 வரை நகர்த்துங்கள். பல நாள் மேகம் மறைக்கும், விட்டுவிட்டு அடுத்த தெளிவான நாளுக்குப் போங்கள். மேகத்தையும் பனியையும் பிரிக்கத் தெரியவில்லை என்றால் அடுத்தடுத்த இரண்டு நாளை மாற்றி மாற்றிப் பாருங்கள். இடம் மாறுவது மேகம். ரேடார் படத்துக்கு கோப்பர்னிகஸ் பிரவுசர் இருக்கிறது, கணக்கு தொடங்க இலவசம். அதில் சென்டினல்-1 எடுத்து, பைன் ஐலண்ட் விளிம்பை ஒரே பாதையில் எடுத்த, 12 நாள் இடைவெளியுள்ள இரண்டு படங்களில் ஒப்பிட்டால் பனி நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்திருப்பதை அளக்கும் கருவியை வைத்து நீங்களே அளந்துவிடலாம்.